கொடுங்கோல் விழுந்த பிறகு?

ஜேடர்பாளையம் ராஜவாய்க்கால் கரையில், வெல்ல ஆலை வேலை முடித்து வரும் தோழர்களுக்குச் சில மாதங்களாக ஒரு நாவல் வாசிக்கப்பட்டு வந்தது. கனடா தேசத்து மார்கரெட் அட்வுட் அம்மையார் 1985-ல் வெளியிட்ட "தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்" என்பது அது. இங்கிலீஷ் படித்த தோழர் ஒருவர் படித்துப் படித்துத் தமிழில் சொல்லுவார். வேதப் புத்தகத்தைக் காட்டி நடக்கும் ஓர் ஆட்சி. அதில் பெண்ணுக்குப் படிப்பில்லை, பணமில்லை, சொந்தப் பெயருமில்லை. பிள்ளை பெற்றுத் தருவதற்கென்றே எசமான் வீட்டில் அடைக்கப்பட்ட ஒருத்தி சொல்லும் கதை. மனுவை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஏது?

கடைசி அத்தியாயம் வந்ததும், "ஆட்சிதான் ஒழிந்ததே, இனி என்ன கதை?" என்று பலர் துண்டை உதறி எழுந்துவிட்டார்கள். கதையே அங்குதான் ஆரம்பம் என்பது நமது அபிப்பிராயம்.

அதில் வருஷம் 2195. பண்டிதர்கள் மகாநாடு கூட்டி, அவள் சுமார் 30 ஒலிநாடாக்களில் பதிந்து வைத்த வாக்குமூலத்தை ஆராய்கிறார்கள். என்ன ஆராய்ச்சி? அவள் யாரென்று தேடினோம், அகப்படவில்லை என்று சுருக்கமாக முடித்துவிட்டு, எசமான் இன்னாரா அன்னாரா என்று பேராசிரியர் வெகுநேரம் பேசுகிறார். அந்த எசமானின் கம்ப்யூட்டரிலிருந்து 20 பக்கம் கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்! நடுவில் பெண்களைப் பற்றிப் பரிகாசம், சபையில் சிரிப்பு. கொடுமைக்காரரைக் கண்டிப்பது நம் வேலையல்ல என்றதும் கைதட்டல்!

மகாநாட்டுத் தேதி ஜூன் 25. நம் நாட்டில் 1975-ல் நெருக்கடி நிலை பிறந்ததும் அதே தேதி. தற்செயல்தான், யாரும் ஜோசியம் பார்க்க வேண்டாம்.

நிற்க. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட மிசா கைதி சிட்டிபாபு 1977 ஜனவரியில் மாண்டார். அவருடைய சிறைக் குறிப்பு எஞ்சியது. மார்ச்சில் நெருக்கடி நிலை ஒழிந்தது. சிறைக் கொடுமையை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அமைந்தது. பிறகு? 1980-ல் இந்திரா காந்தி அம்மையாரே மீண்டும் பிரதமரானார். விசாரணையின்றி அடைத்து வைக்கத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அவ்வருஷமே வந்தது. 2019-ல் தமிழ்நாட்டில் எழுந்த வாக்குவாதமோ, தலைவர் ஒருவர் மிசாவில் சிறை சென்றது மெய்தானா என்பது! அடித்த கை எவனுடையது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

எழுந்தவர்களை உட்காரவைத்து அத்தியாயத்தை முடித்தோம். ஆலையில் அடுப்பெரிக்கும் மூதாட்டி ஒருவர், "அந்தப் புள்ளையோட பேரு கடைசி வரைக்கும் கெடைக்கலீங்களா?" என்றார். தோழர் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, இல்லை என்றார். அடுத்த ஞாயிறன்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.