பெயரைத் தேடாதீர்கள், நம்பரைத் தேடுங்கள்

இன்டர்நெட் இணைப்பு இருந்தால் கிடைக்காத பொருளே இல்லை என்று நினைக்கிறோம். பழைய டிராக்டருக்கு செகண்ட் ஹேண்ட் பாகம் தேடிப் பாருங்கள். பொருள் கிடைக்கும், சரியான பொருள்தான் கிடைக்காது.

இங்கிலாந்தில் பழைய டிராக்டர்களைச் சீரமைத்து மீண்டும் ஓட வைப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அப்படிச் சீரமைக்கப்படும் மாடல்களில் ஒன்று மாஸி பெர்குசன் 35. பெயர் நமக்கும் பழக்கமானதுதான். 1960-ல் தொடங்கிய சென்னை டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்துதான் டிராக்டர் தயாரிப்பில் இறங்கியது.

இந்த 35-க்கு ஒரு சிலிண்டர் ஹெட் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாடல் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால் வரிசையாக விளம்பரங்கள் வரும். ஒரு மங்கலான படம். கீழே '35-க்குப் பொருந்தும்' என்று ஒரு வரி. எந்த 35-க்கு? பிரிட்டனில் தயாரான முதல் டீசல் 35-களில் இருந்தது நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் 23சி இன்ஜின். 1959 முதல் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் இன்ஜின். அமெரிக்க பெட்ரோல் 35-லோ கான்டினென்டல் இன்ஜின். நான்கு சிலிண்டர் ஹெட் மூன்று சிலிண்டர் இன்ஜினில் எப்படி உட்காரும்?

ஒரே போல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்களை வைக்க உங்கள் கம்ப்யூட்டர் சம்மதிக்காது. டிராக்டர் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

தவறான ஹெட் வந்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். அது கனமான வார்ப்பிரும்பு. திருப்பி அனுப்பும் செலவே கையைக் கடிக்கும். 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று போட்டவரிடம் பணம் திரும்ப வாங்குவதும் கடினம்.

இதில் குற்றம் இன்டர்நெட்டின் மீது இல்லை. வார்ப்பில் நம்பர் புடைத்து நிற்கிறது. டீசல் பம்ப்பில் நம்பர் பொறித்த தகடு இருக்கிறது. அழுக்கைத் துடைத்துப் படம் எடுக்கச் சில நிமிடம் போதும். விற்பவர்கள் அதைச் செய்ய வேண்டும். தளங்களும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்வது புரோகிராம் எழுதும் எங்களுக்கு மிகச் சிறிய வேலை. விற்பவரின் செல்போன் நம்பரைக் கேட்காமல் விடாத தளம், பாகத்தின் நம்பரையும் கேட்கலாமே!

அதுவரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். பார்ட்ஸ் புத்தகத்தில் உள்ள நம்பரை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து தேடுங்கள். வார்ப்பு நம்பரும் பார்ட் நம்பரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை, இரண்டையும் கேளுங்கள். விரிசல் சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். படத்தில் விரிசல் தெரியாது.

டிராக்டர் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். '8 ஜிபி லேப்டாப் ரேம்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேம் உட்காராது. நம்பர் தர மறுப்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.