கடல் முன்னே, ஏரி பின்னே!

வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று வானிலை நிலையம் அறிவிக்கிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுகிறது. கொட்டிவாக்கம் முதல் கோவளம் வரை மீனவர் குப்பங்களில் படகுகளை மேட்டுக்கு இழுக்கின்றனர், வலைகளைச் சுருட்டுகின்றனர், மணலில் நின்று கடலையே பார்க்கின்றனர். தாம்பரத்திலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் இருப்போர் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் அதே கடலைத்தான் பார்க்கின்றனர். புயல் எங்கே கரை கடக்கும்? இதுவே எல்லோருடைய கேள்வியும்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை கிடைத்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவதுதான் தவறு என்கிறோம் நாம்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னைக்கருகே கரை கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன், 2015 டிசம்பர் 1-ல், புயல் எதுவும் கரை கடக்கவில்லை. அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் சென்னையைத் தொடவில்லை. கடலோடு வடக்கே போய், 5-ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை ஏறியது. ஆனால் மூழ்கியது எது? முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை! வேளச்சேரியில் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் வீழ்ந்து இரு தொழிலாளர் மாண்டனர்.

ஆக, புயல் கடந்தபோது மரம் விழுந்தது. கடக்காதபோது ஊரே மூழ்கியது. இதன் பொருள் என்ன? தென்சென்னைப் புறநகருக்கு ஆபத்து முன்னே இருக்கும் கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. பின்னே இருக்கும் ஏரிகளிலிருந்தும் வருகிறது.

ஏரிகள் செய்த குற்றமா அது? இல்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் மிகுதி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடல் சேரும். நம் முன்னோர் அறிந்து காத்த வழி இது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்துகிடந்ததாக ஆய்வாளர்கள் கூறும் அந்தச் சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரு துண்டே. பெருங்குடியில் நகரக் குப்பையைக் கொட்டியது யார்? ஏழையா? அல்ல, மாநகராட்சி! 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது பள்ளிக்கரணை. பெருமைதான். ஆனால் பட்டியல் வெள்ளத்தைத் தாங்காது, நிலம்தான் தாங்கும். புயலைக் கண்காணிக்கும் ராடார் ஒன்றும் அதே பள்ளிக்கரணையில்தான் நிற்கிறது. தொலைவில் சுழலும் காற்று அதற்குத் தெரிகிறது. காலடியில் சதுப்பு சுருங்குவது ஆள்வோருக்குத் தெரியவில்லை!

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஏழைகளை, வெள்ள அபாயம் என்று கூறி அகற்றினார்கள். குடியேற்றிய இடம் எது? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி! தண்ணீர் தேடி வந்து தேங்கும் தாழ்ந்த நிலம்! 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாய் ஏறி நின்றன. காருக்குப் பாலம் உண்டு. தரைத்தளத்தில் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கு எந்தப் பாலம் உண்டு?

கொட்டிய மழை அப்படி, யார் என்ன செய்ய முடியும் என்பார்கள் சிலர். மழையை நிறுத்தச் சொல்லி எவரும் கேட்கவில்லை. மழைநீருக்கு வழிவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். மிக்ஜாமுக்குப் பின் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் தரப்பட்டது. வேண்டிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் கண்ணீரைத் துடைப்பதே ஆட்சியின் கடமை ஆகிவிடுமா? கண்ணீர் வராமல் காப்பதன்றோ கடமை!

ஏரிக்கும் ஓடைக்கும் எல்லைக்கல் நடுக. அந்த வரைபடத்தை ஊரார் காணும் இடத்தில் ஒட்டுக. ஆக்கிரமிப்பை அகற்றுவதானால் பெரிய மாளிகையிலும் அரசுக் கட்டடத்திலும் தொடங்குக, குடிசையில் தொடங்காதீர். ஒக்கியம் மடுவையும் முகத்துவாரங்களையும் ஐப்பசிக்கு முன்பே தூர்வாருக. 2021-ல் மாநகராட்சியான தாம்பரம், வரி வசூலில் காட்டும் வேகத்தை வாய்க்காலிலும் காட்டட்டும்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளம் வந்தபின் சோற்றுப் பொட்டலம் சுமப்பது நல்ல தொண்டு. சித்திரையிலேயே உங்கள் தெருவின் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்து, அதிகாரிகளை அழைத்துவந்து காட்டுவது அதனினும் பெரிய தொண்டு. குப்பத்து மீனவன் அலை எழுமுன்னே படகை மேட்டில் ஏற்றுகிறான். அந்த அறிவு அவனுக்கு இருக்கிறது. கோட்டையில் இருப்போருக்கும் அது வரவேண்டும். வரும்வரை நாம் விடப்போவதில்லை.