அணைக்கு 142 அடி! நமக்கு எத்தனை அடி?

தேர்தல் காற்று வீசத் தொடங்கினால் போதும், பெரியகுளம் முதல் கூடலூர் வரை நமது பள்ளிவாசல் தெருக்களில் தலைவர்களின் நடமாட்டம் தொடங்கி விடும். தலையிலே தொப்பி, கையிலே நோன்புக் கஞ்சி, வாயிலே 'சிறுபான்மையினரின் பாதுகாவலர்' என்ற வசனம்! ஆளுங்கட்சியை நாலு வார்த்தை திட்டி விட்டால் முஸ்லிம்களின் ஓட்டு தானாக வந்து விழுந்து விடும் என்பதுதான் எதிர்வரிசையில் இருப்பவர்களின் கணக்கு.

சகோதரர்களே! ஆளுங்கட்சி மீது நமக்குக் கோபம் இருக்கலாம். அது நியாயமான கோபமாகவும் இருக்கலாம். ஆனால் நமது கோபம் எதிர்க்கட்சியின் கொள்கை ஆகி விடுமா? 2021 மே மாதம் ஆட்சியை இழந்து எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த அ.தி.மு.க.வையே எடுத்துக் கொள்வோம். நமது விஷயத்தில் அக்கட்சிக்குக் கொள்கை என்று ஒன்று இருந்ததா?

கொள்கை என்றால் என்ன?

கொள்கை என்றால் என்னவென்று கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரியாறு அணையைப் பாருங்கள்! 1979ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தடுக்க அடுத்த மாதமே கேரளா ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. அன்றைய அ.தி.மு.க. அரசு உச்ச நீதிமன்றப் படியேறியது. அடுத்து வந்த தி.மு.க. அரசு வழக்கை விட்டு விடவில்லை. 2014 மே 7ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

இதுதான் கொள்கை! கோரிக்கைக்கு ஓர் எண் இருந்தது. எதிர்க்க வேண்டிய சட்டம் எது என்று தெரிந்திருந்தது. போராட ஒரு மன்றம் இருந்தது. ஆட்சி மாறியும் மாறாத உறுதி இருந்தது. தண்ணீருக்காக இப்படி நிற்கத் தெரிந்த கட்சி, நமது உரிமைக்காக எப்படி நின்றது?

ஐந்தே நாளில் இரண்டு நாக்கு

2018 டிசம்பரில் முத்தலாக் மசோதா மக்களவைக்கு வந்தபோது அ.தி.மு.க. எதிர்த்து வெளிநடப்புச் செய்தது. 2019 ஜூலை 25ல் அதே மசோதா மீண்டும் மக்களவைக்கு வந்தது. அப்போது தமிழகத்திலிருந்து அக்கட்சிக்கு இருந்தது ஒரே ஒரு எம்.பி. அவரை அனுப்பி வைத்தது நமது தேனி தொகுதி! அந்த எம்.பி.யான ஓ.பி.ரவீந்திரநாத் எழுந்து நின்று மசோதாவை ஆதரித்தார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி மசோதாவை எதிர்த்துப் பேசி விட்டு, ஓட்டுப் போடாமல் வெளியேறியது. 84க்கு 99 என்று மசோதா நிறைவேறியது.

கணவனை மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்பும் சட்டம் அது. அதிலே கட்சியின் நிலை என்ன? ஆதரவா? எதிர்ப்பா? வெளிநடப்பா? மூன்றும்தான் என்றால், அதற்குப் பெயர் கொள்கையா?

அடுத்து குடியுரிமைத் திருத்தச் சட்டம். 2019 டிசம்பர் 11ல் மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரவில் 11 ஓட்டு அ.தி.மு.க.வுடையது. வியாபாரிகளே, நீங்களே கணக்குப் போடுங்கள்! அந்த 11ஐ இந்தப் பக்கம் கழித்து அந்தப் பக்கம் கூட்டினால் 114க்கு 116. மசோதா தோற்றிருக்கும்! நிறைவேற்றிக் கொடுத்து விட்டு, 2021 தேர்தல் அறிக்கையில் அச்சட்டத்தைக் கைவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதினார்கள். அதையும் பா.ஜ.க.வோடு கூட்டணி வைத்துக் கொண்டே எழுதினார்கள்!

வந்தார்கள், போனார்கள்

"2023 செப்டம்பரில் பா.ஜ.க.வை விட்டு விலகினார்களே, 2024ல் எஸ்.டி.பி.ஐ.க்குத் திண்டுக்கல் தொகுதியைக் கொடுத்தார்களே, வக்ஃபு மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். மறுக்கவில்லை. 2025 ஏப்ரல் முதல் வாரம் வக்ஃபு மசோதாவை மாநிலங்களவையில் எதிர்த்தார்கள். வக்ஃபு வாரியத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை உறுப்பினராக்கும் மசோதா அது. ஆனால் அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் 11ல், அந்த மசோதாவைக் கொண்டு வந்த கட்சியோடு சென்னையில் மீண்டும் கூட்டணி கண்டார்கள். போட்ட எதிர்ப்பு ஓட்டின் மை காய்வதற்குள் கைகுலுக்கல்!

சமுதாயத்துக்கு இது புதிதல்ல. 1999 ஜூலையில் சென்னைக் கடற்கரையில் த.மு.மு.க. நடத்திய வாழ்வுரிமை மாநாட்டில், இனி பா.ஜ.க.வோடு உறவில்லை என்று ஜெயலலிதா அறிவித்தார். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அதே பா.ஜ.க.வோடு கைகோர்த்தார். தி.மு.க. மட்டும் யோக்கியமா? 1999 முதல் 2003 இறுதி வரை வாஜ்பாய் அமைச்சரவையில் அமர்ந்திருந்தது யார்? அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மாதிரி பார்க்காமல் விலை சொல்லலாமா?

போடி ஏலக்காய் ஏலத்தில் மாதிரியைக் கையில் எடுத்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்துத்தானே விலை சொல்கிறீர்கள்? மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய் கூட ஏற்றிக் கேட்காத நமது வியாபாரிகள், ஐந்தாண்டுக்கான ஓட்டை மட்டும் ஒரு பொன்னாடைக்கும் ஒரு வேளை இஃப்தாருக்கும் தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்? தோற்பது கட்சியின் நாணயம் மட்டுமல்ல, கேள்வி கேட்காத நமது சோம்பலும் அவர்களுக்குத் துணை போகிறது.

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும் ஜமாஅத்தும் வியாபாரிகளும் இளைஞர்களும் சேர்ந்து எழுத்து மூலம் கேளுங்கள்:

2025 வக்ஃபுச் சட்டத்தின் மீது உங்கள் அடுத்த நடவடிக்கை என்ன? நாடாளுமன்றத்திலா, நீதிமன்றத்திலா?

2007ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டை உயர்த்துவீர்களா? எத்தனை சதவீதம்? எந்தச் சட்டத்தின் மூலம்?

உங்கள் கூட்டணிக் கட்சி மறுத்தால் யார் சொல் நிற்கும்?

எழுதிக் கொடுத்த வாக்கை உங்கள் எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ மீறினால் அவர் மீது என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜும்ஆ முடிந்து மக்கள் கூடும் இடத்தில் அனைவரும் படிக்க ஒட்டுங்கள். பதில் தராதவர்களின் பெயரையும் சேர்த்தே ஒட்டுங்கள்! கொள்கை உள்ளவன் எழுதிக் கொடுக்க அஞ்ச மாட்டான். இல்லாதவன் பொன்னாடையோடு திரும்பிப் போகட்டும்.

இளைஞர்களே! அணைக்கு 142 அடி என்று கேட்டுப் போராடியதால்தான் 142 அடி கிடைத்தது. நமக்கு எவ்வளவு வேண்டும் என்று நாமே சொல்லாவிட்டால், நமக்குக் கிடைப்பது வேறு அடியாகத்தான் இருக்கும். ஓட்டு என்பது அமானிதம். கேட்டு, எழுதி வாங்கி, அதன் பிறகு கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்!