கையெழுத்திடுபவர் மாணவர்

அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் முடியும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உங்களுக்கு உதவினார்களா? ஆலோசனை மையங்களில் உட்கார்ந்து நிரப்பப்படும் படிவங்கள் பலவற்றில் இதற்கு ‘இல்லை’ என்றே பதில் போகிறது. உதவி பெறுவது குற்றமே இல்லை. ‘ஆம்’ என்று சொல்லி, உதவியவரின் விவரத்தை எழுதிவிட்டால் போதும். யார் நிரப்பிக் கொடுத்தாலும் சமர்ப்பிக்கும் பொத்தானை மாணவரே அழுத்த வேண்டும் என்பது விதி; அதுதான் அவருடைய கையெழுத்து. மறைக்கத் தேவையே இல்லாத ஒன்றை மறைத்து, ஒரு பொய்க்குக் கீழே அந்தக் கையெழுத்தை வாங்குகிறோம். சின்ன விஷயம்தானே என்று இங்கே விட்டுக்கொடுப்பவர், வங்கி அறிக்கை வரும்போதும் விட்டுக்கொடுப்பார்.

வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்களான நம் எல்லோருக்கும் இந்த இதழில் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மாணவர் தன் வாயால் விளக்க முடியாத எதுவும் அவருடைய ஃபைலில் இருக்கக் கூடாது. இதை நாம் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். ஏனென்றால் தவறு யாருடையதாக இருந்தாலும் தண்டனை மாணவருக்கே போகிறது.

பொய்யான தகவலோ ஆவணமோ தந்ததாக முடிவானால் அமெரிக்கச் சட்டப்படி அது வாழ்நாள் தடை. பிரிட்டனில் 10 ஆண்டு வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். கனடாவில் தடை 5 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் பொதுவாக 3 ஆண்டு. இந்த நான்கு நாடுகளும் நியூசிலாந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாட்டில் மாட்டிக்கொண்டால் இன்னொரு நாட்டுக்கு மாற்றி விண்ணப்பித்துவிடலாம் என்று மாணவருக்குத் தைரியம் சொல்வது அவரை இன்னும் ஆழத்தில் தள்ளுவதுதான்.

2023இல் கனடாவில் நடந்ததை நம் துறை மறக்கக் கூடாது. பஞ்சாபிலிருந்து சென்ற மாணவர்கள் பலர், படிப்பை முடித்து வேலையிலும் சேர்ந்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்த நேரத்தில்தான் தாங்கள் கொண்டுபோன சேர்க்கைக் கடிதம் போலி என்று தெரிந்துகொண்டார்கள். கடிதத்தைத் தயாரித்தவர்கள் முகவர்கள். நாடு கடத்தும் நோட்டீஸ் வந்ததோ மாணவர்களுக்கு. ஏமாற்றப்பட்டவர்கள் யார், தெரிந்தே செய்தவர்கள் யார் என்று ஒவ்வொரு வழக்காகப் பிரித்துப் பார்க்கக் கனடா அரசு தனிக்குழு அமைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்வி நிறுவனமே உறுதிசெய்ய வேண்டும் என்று விதி மாறியது. ஜெர்மனி 2022 நவம்பர் முதலே இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழைக் கட்டாயமாக்கிவிட்டது. கெடுபிடி கூடுகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு நம் துறை சம்பாதித்துக் கொடுத்தது.

ஃபைல் பெரும்பாலும் கெடுவது பணத்தில்தான். பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். லண்டனுக்கு வெளியே படிக்கப்போகும் மாணவர், மீதமுள்ள முதலாண்டுக் கட்டணத்தோடு மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதச் செலவுக்கு 10,539 பவுண்டு காட்ட வேண்டும். அந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும்; ஒரே ஒரு நாள் குறைந்தாலும் மறுப்பு வரலாம். 28ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். கணக்கு பொதுவாக மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். பெற்றோர் கணக்கென்றால் உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். சித்தப்பா எவ்வளவு பாசத்தோடு பணம் போட்டு வைத்திருந்தாலும் அவர் கணக்கு செல்லாது.

இந்த இடத்தில்தான் ‘ஃபண்ட் காட்டித் தருகிறோம்’ என்ற வியாபாரம் நுழைகிறது. வட்டிக்குப் பணம் போட்டு, நாள் கணக்கு முடிந்ததும் எடுத்துக்கொள்கிறார்கள். விசா கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். அங்கே போய் இறங்கும் பிள்ளையிடம் வாடகைக்குக் காசு இருக்காது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அந்த வரம்புக்குள் கிடைக்கும் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்த தவணைக்கும் சேர்த்து வராது. வரம்பை மீறினால் விசா போகும். காட்டப்படும் தொகை தூதரகத்தைத் திருப்திப்படுத்த வைத்த சடங்கு அல்ல, அந்தப் பிள்ளை அங்கே பிழைத்திருக்கத் தேவையான செலவு என்பதை முதல் சந்திப்பிலேயே பெற்றோரிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அதனால் பல்கலைக்கழகம் தேடுவதற்கு முன்பே பணத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். அடமானக் கல்விக்கடன் என்றால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வங்கி வக்கீலின் சட்டக் கருத்து, சொத்து மதிப்பீடு என்று வாரக்கணக்கில் இழுக்கும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை மாற்றவே சில மாதம் ஆகும். ஆஃபர் வந்த பிறகு இதைத் தொடங்கும் குடும்பம்தான் கடைசி வாரத்தில் வட்டிக்காரரைத் தேடுகிறது.

அடுத்தது எஸ்ஓபி. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் பழைய முறையை மாற்றி, நேரடிக் கேள்விகள் கேட்டு ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில் கேட்கிறது. இந்தப் படிப்பு ஏன், இந்தக் கல்லூரி ஏன், முடித்த பிறகு என்ன என்பதற்கு மாணவரின் சொந்தப் பதில் வேண்டும். சிறுவயது முதலே கணினியில் ஆர்வம் என்று தொடங்கும் ஒரே பத்தியை ஐம்பது பேருக்குப் பெயர் மாற்றிக் கொடுத்தால் அங்கே எடுபடாது. மாணவரைப் பேசவிட்டு, அவர் சொன்னதை அவரையே எழுதவைத்து, பிழை மட்டும் திருத்திக் கொடுப்பதே நம் வேலை. அப்படி எழுதியவர் நேர்காணலில் தடுமாற மாட்டார். எழுதியது அவர் பேச்சுதானே.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’, வங்கிக் கணக்கில் ‘கவிதா எஸ்’. இனிஷியல் மரபு நமக்கு இயல்பு. குடும்பப் பெயர் கட்டம் வைத்திருக்கும் படிவத்துக்கு அது புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் மாணவரின் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். அதற்குப் பிறகு பல்கலைக்கழகப் பதிவு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்து பின்தொடரும். பாஸ்போர்ட்டைத் திருத்துவதானால் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிட வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தை மாணவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். அமெரிக்காவில் 214(பி) பிரிவில் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியை மூடிவிட்டது. எனவே காரணத்தைச் சரிசெய்யாமல் உடனே மறுபடி விண்ணப்பிப்பது கட்டணத்தை வீணாக்குவது. எந்த நாடு முன்பு மறுத்திருந்தாலும், அடுத்த படிவம் கேட்கும்போது மறைக்காமல் சொல்லவையுங்கள். சொன்ன மறுப்பை விளக்க வழி உண்டு. மறைத்தது வெளிப்பட்டால் அதுவே தடைக்குக் காரணமாகும்.

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். மாணவர்களை அனுப்பும் நம்மை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. நமக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம், அதுவும் மாணவர் சேர்ந்த பிறகே. ‘இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த இன்டேக் பார்க்கலாம்’ என்று சொன்னால் நமக்கு நஷ்டம். அப்படிச் சொல்ல முடிந்தவரைத்தான் பெற்றோர் ஆலோசகர் என்று நம்பலாம்.

வரும் சேர்க்கைப் பருவத்துக்கு நான்கு நடைமுறைகளை ஒவ்வொரு மையமும் தொடங்கக் கேட்கிறோம். விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு மாணவரிடமே இருக்கட்டும். சமர்ப்பிக்கும் முன் படிவம் முழுவதையும் அவர் சத்தமாகப் படித்துக்காட்டட்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சரிபார்த்த பிறகே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். எந்தப் பல்கலைக்கழகத்திடம் நீங்கள் கமிஷன் வாங்குகிறீர்கள் என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். இவற்றைச் சொல்ல ஒரு சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.