ஒரு நாளில் ஒரு நாடா?

கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஊட்டி பார்த்தாயிற்று, கொடைக்கானல் பார்த்தாயிற்று, மூணாறு இரண்டு தடவை ஆயிற்று. இந்த முறை டார்ஜிலிங், காங்டாக் என்று முடிவாகும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "அவ்வளவு தூரம் போறோம், பக்கத்துலயே பூட்டான் இருக்கு. ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு வந்துடலாமே? வெளிநாடு போன மாதிரியும் ஆச்சு!"

டிராவல்ஸ்காரரிடம் கேட்டால் அவரும் தலையை ஆட்டுவார். "தாராளமா போலாம் சார். ராத்திரி தங்கினாத்தான் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா. காலையில உள்ள போயிட்டு சாயங்காலம் வெளிய வந்துட்டா அந்தச் செலவே இல்ல."

அவ்வளவுதான், திட்டம் தயார். ஒரு நாடு ஒரே நாளில் முடிந்தது!

இந்தத் திட்டம் பூகோளக் கணக்கில் தவறு. பணக் கணக்கிலும் தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக மரியாதைக் கணக்கில் பெரிய தவறு.

முதலில் பூகோளம். தாம்பரத்திலிருந்து அசாமுக்குப் போகும் ரயில்கள் நியூ ஜல்பாய்குரி வழியாகத்தான் போகின்றன. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு நாள் பயணம். (விமானத்தில் போனால் பாக்டோக்ரா.) அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ஹாசிமாரா, அதற்கப்புறம் ஜெய்காவ். ஜெய்காவ் மேற்கு வங்காளத்தின் அலிப்பூர்துவார் மாவட்டத்தில் இருக்கும் எல்லை ஊர். அதன் கடைத்தெருவை ஒட்டியே பூட்டான் வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங். ஒருநாள் பயணக்காரர் பார்க்கப் போகும் 'பூட்டான்' இந்த ஊர் மட்டும்தான்.

புன்ட்ஷோலிங்கின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். ஏலகிரி உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அது மலைநாட்டின் அடிவாரம், ஒரு வியாபார ஊர். தலைநகரம் திம்பு அங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மலைச்சாலை என்பதால் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், தனியாக அனுமதிச் சீட்டும் வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குத் திம்புவும் கிடையாது, பாரோவும் கிடையாது. ஊர் நடுவில் ஒரு புத்தர் கோயில், மேட்டில் ஒரு மடம், ஒரு முதலைப் பண்ணை, சில கடைகள். முதலை பார்ப்பதற்கு ஈ.சி.ஆர். ரோட்டில் வடநெம்மேலியே போதாதா? போதாக்குறைக்குப் பூட்டான் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாலை திரும்பும் அவசரத்தில் அந்த அரை மணியும் போய்விடும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, "தமிழ்நாடு பார்த்துவிட்டேன், பெரிசா ஒண்ணும் இல்லை" என்று ஒருவர் எழுதினால் தாம்பரத்துக்காரருக்குக் கோபம் வருமா, வராதா? பூட்டானுக்குச் செய்வது அதையேதான்.

அடுத்தது பணம். ஒருநாள் திட்டம் பிறப்பதே அந்த ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தவிர்க்கத்தான். அது என்ன கட்டணம்? 1974-ல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்ததிலிருந்தே, கூட்டம் குறைவாக வரட்டும், வருகிறவர் கூடுதலாகச் செலவழிக்கட்டும் என்பதுதான் பூட்டானின் கொள்கை. இந்தியர்களுக்குப் பல ஆண்டுகள் கட்டணமே இல்லை. 2019-ல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். 2020-ல் சட்டம் போட்டு இந்தியர்களுக்கும் ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் என்று விதித்தார்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய எல்லை 2022 செப்டம்பர் 23 அன்று திறந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது மற்ற நாட்டவருக்கு இரவுக்கு 200 டாலர். 2023 செப்டம்பரில் அது 100 டாலராகக் குறைந்தது. டாலரில் கட்டுகிறவரோடு ஒப்பிட்டால் இந்தியருக்குக் கிடைப்பது சலுகைதான்.

பூட்டானின் மக்கள் தொகை எவ்வளவு தெரியுமா? 2017 கணக்கெடுப்பின்படி 7,27,145. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வரும் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாவற்றையும் சேர்த்தால், 2011 கணக்குப்படியே ஏழு லட்சத்துக்கு மேல் வருகிறது. அதாவது ஒரு முழு நாடும் ஒரு தாம்பரமும் ஒன்று! தாம்பரத்துக்குள் ஒரே வருடத்தில் மூன்று லட்சம் பேர் படம் பிடிக்க வந்து, தெருவில் குப்பை போட்டுவிட்டுப் போனால் குடியிருப்போர் சங்கங்கள் சும்மா இருக்குமா?

மூன்றாவது மரியாதை. திம்புவிலிருந்து புனாக்கா போகும் வழியில் டோச்சுலா என்று ஒரு கணவாய். அங்கே வரிசை வரிசையாக 108 நினைவுத் தூபிகள். 2003 டிசம்பரில், பூட்டான் காடுகளில் முகாம் போட்டிருந்த அசாம் தீவிரவாதிகளைப் பூட்டான் ராணுவம் விரட்டியது. அதில் உயிர்விட்ட பூட்டான் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை அவை. இந்தியாவிலிருந்து போன ஆயுதக் குழுக்களை விரட்டச் செத்தவர்களின் நினைவிடம்! 2019 அக்டோபரில் இந்தியாவிலிருந்து போன ஒரு பைக் பயணி அங்கே தூபி ஒன்றின் மேலேயே ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். பூட்டான் முழுவதும் கொதித்தது. அவர் ஏன் ஏறினார்? அது என்ன என்று தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அவசரச் சுற்றுலாவுக்கு இடத்தின் பெயர் போதும், கதை வேண்டாம். ஒருநாள் திட்டம் அந்த அவசரத்தின் கடைசிப் படி.

"காசு வாங்கிக்கொண்டு கட்டுப்பாடு வேறா?" என்று கேட்பவர் கொஞ்சம் ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கட்டும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இந்தப் பல்லாவரத்தில்தான். அந்தப் பல்லாவரம், திரிசூலம் பக்கத்து மலைகள் என்ன ஆயின? ஜல்லிக்கும் கருங்கல்லுக்கும் வெட்டி வெட்டி, மலை இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளங்கள்தான் மிச்சம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பல ஆயிரம் ஏக்கருக்கு விரிந்து கிடந்தது. வீடும் ரோடும் குப்பைமேடும் தின்றதுபோக ஒரு சிறு பகுதிதான் எஞ்சியது. அதற்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மழைக்காலத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் படும் பாடு ஊருக்கே தெரியும். இங்கே 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதன் விளைவு இது.

பூட்டான் சொன்னது. நாட்டில் குறைந்தது 60 சதவீதம் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008-ல் வந்த அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. தன் மலையைக் கோட்டைவிட்ட ஊர்க்காரர், மலையைக் காப்பாற்றியவரிடம் போய் "ஏன் டிக்கெட்?" என்று கேட்பது என்ன நியாயம்?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததும் அதனால்தான். 2024 மே 7 முதல் அமலான அந்த முறைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து வண்டிகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. மலை தாங்காது என்று தமிழ்நாட்டிலேயே தெரிந்துவிட்டது. இங்கே நீதிமன்றம் சொன்னதை அங்கே ஒரு நாடு தானாகவே சொல்கிறது.

பூட்டான் சொர்க்கமா என்றால், இல்லை. "உலகிலேயே மகிழ்ச்சியான நாடு" என்று நோட்டீஸில் அச்சடிப்பது இன்னொரு பொய். தெற்குப் பூட்டானில் வாழ்ந்த நேபாளி பேசும் மக்கள் 1990களில் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு, சுமார் ஒரு லட்சம் பேர் நேபாளத்து முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். புன்ட்ஷோலிங்கும் அந்தத் தெற்கில்தான் இருக்கிறது. இதையும் தெரிந்துகொண்டு போவதுதான் பயணம். ஒருநாள் திட்டத்தில் இதற்கும் இடமில்லை.

"வசதி இல்லாதவன் என்ன செய்வது?" என்பது நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோமா? பெரியவர் இருவர், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள் இருவர். பிள்ளைகளுக்குப் பாதி, அதாவது 600. (ஆறு வயதுக்குக் கீழே இலவசம்.) ஒரு இரவுக்கு 3,600 ரூபாய், மூன்று இரவுக்கு 10,800. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் டார்ஜிலிங், காங்டாக், கலிம்போங், பூட்டான் என்று நான்கையும் ஒரே வாரத்தில் திணித்து, பாதி நாளை ஜீப்பில் வாந்தி எடுத்துக் கழிப்பதற்கு ஆகும் செலவு மட்டும் சின்னத் தொகையா? இரண்டு ஊரை வெட்டினால் அந்தப் பணமும் நாளும் இங்கே வந்துவிடும். அதுவும் முடியாதென்றால் இந்த வருடம் டார்ஜிலிங்கை நிதானமாகப் பார்க்கலாம். பூட்டான் எங்கேயும் ஓடிவிடாது.

தினமும் காலையில் ஜெய்காவிலிருந்து உள்ளே போய் மாலையில் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். இரண்டரை வருடம் எல்லை மூடிக் கிடந்தபோது பிழைப்பை இழந்தவர்கள். அவர்களுக்கு 'ஒருநாள் பூட்டான்' என்பது சோறு. பொழுதுபோக்க வருகிறவருக்கு அப்படி என்ன அவசரம்?

ஆகவே திட்டம் போடுகிறவர் ஒழுங்காகப் போடட்டும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டையை எடுத்து வைக்கட்டும், ஆதார் மட்டும் போதாது. பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். திம்புவில் ஒரு இரவு, பாரோவில் இரண்டு இரவு. பாரோ பள்ளத்தாக்கின் மேலே, 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், செங்குத்துப் பாறையில் 1692-ல் கட்டிய தக்த்சாங் மடம் தொங்குகிறது. ஏறி இறங்க ஒரு பகல் வேண்டும். மூச்சு வாங்க ஏறி அதன் எதிரே ஐந்து நிமிடம் உட்கார்ந்தவருக்கு 1,200 ரூபாய் ஞாபகத்துக்கே வராது.

1958-ல் பிரதமர் நேரு பூட்டானுக்குப் போனபோது ரோடு கிடையாது. மகள் இந்திராவோடு நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகப் பல நாள் பயணம் செய்துதான் பாரோ போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு, 1961-ல் தொடங்கி இந்தியா போட்டுக் கொடுத்ததுதான் புன்ட்ஷோலிங் மலைச்சாலை. அந்தச் சாலையின் முதல் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குப் பெயர் பூட்டான் பயணம் இல்லை.

தாம்பரத்தில் ஒரு வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வீட்டம்மா விடமாட்டார். "என்னங்க, வாசலோட போறீங்க? உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்பார். வாசலோடு திரும்புவது அவமரியாதை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லையைத் தாண்டியதும் அது எப்படி மறந்துபோகிறது?