வரைபடம் வாசிக்கத் தெரியாத கற்றோர்

யாழ்ப்பாணக் குடும்பமொன்று தன் வாழ்நாளிற் செய்யும் செலவுகளுள் மிகப் பெரியது வீடு கட்டுதலே என்பதை எவரும் மறுக்கார். அச் செலவுக்கு முதற்படியாக அமைவது படவரைஞர் ஒருவர் வரைந்து கொடுக்கும் சில தாள்கள். அத் தாள்களின் அடியிற் காணியுரிமையாளர் ஒப்பமிடுகின்றார். பிரதேச சபை அவற்றை அங்கீகரிக்கின்றது. மேசன் அவற்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அத்திவாரம் வெட்டத் தொடங்குகின்றார். ஒப்பமிட்டவரோ, பட்டதாரியாயினும் ஆசிரியராயினும், தாம் எதற்கு ஒப்பமிட்டார் என்பதைப் பெரும்பாலும் அறியார். சுவர் இடுப்பளவு எழுந்த பின்னரே, 'அறை இத்துணைச் சிறியதா?' என்ற வினா பிறக்கின்றது. அதன்பின் சுவரை இடிக்க வேண்டும். அன்றேல் அச் சிறுமைக்குள் வாழப் பழகிக்கொள்ள வேண்டும்.

இதே மனிதர் காணி எல்லை விடயத்தில் எத்துணைக் கூர்மையுடையவர் என்பது நோக்கற்பாலது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு முதல் நில அளவையாளரின் படம் வரை பரப்பும் குழியும் எண்ணிப் பார்த்தே அவர் பழகியவர். வேலி அரை முழம் நகர்ந்தால் நீதிமன்றம்வரை செல்லவும் தயங்கார். வேலிக்கு வெளியே விழிப்பாயிருக்கும் இக்கண் வேலிக்கு உள்ளே குருடாய்விடுவது ஏன்? அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. கல்விக் குறைவே காரணம். அக் குறையைக் கல்வி என்று பெயரிட்டு வளர்த்தவர்கள் அதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும்.

இவ்விடத்து வட்டுக்கோட்டையை நினையாதிருத்தல் இயலாது. அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய செமினரி, தமிழரிடையே மேனாட்டுக் கணிதத்தையும் வானியலையும் பரப்பிய முன்னோடி நிலையம். யூக்கிளிட்டின் கேத்திரகணிதமும் திரிகோணகணிதமும் அங்குப் பயிலப்பட்டன. அங்குக் கற்று அங்கேயே கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை தமிழிற் பீசகணித நூல் இயற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இச் செமினரியின் மாணாக்கரே. எனினும் 1855 இல் அது மூடப்பட்டது. கற்றவர் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர் என்பது அம் முடிவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1872 இல் அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் விஞ்ஞானபீடமும் வட்டுக்கோட்டையிலேயே இயங்கத் தலைப்பட்டது. இத்துணைக் கீர்த்தி வாய்ந்த மரபிலிருந்து குடாநாடு எதனைப் பெற்றுக்கொண்டது என்பதே கேள்வி. தேற்றத்தைப் பெற்றது, அதனை மனனஞ் செய்து சோதனைத்தாளில் ஒப்புவிக்கும் திறமையைப் பெற்றது, அதன் பயனாகக் கந்தோரில் ஒரு நாற்காலியையும் பெற்றது. அதே கேத்திரகணிதத்தால் ஒரு வீட்டைத் தாளில் அமைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் பெறத் தவறிவிட்டது. கவராயமும் மூலைமட்டமும் மாணவன் பெட்டிக்குள் இருந்தன. அவை பெட்டியை விட்டு வெளிவந்து ஒரு முற்றத்தை அளந்ததில்லை.

கட்டட வரைதல் என்பது ஓவியத் திறமை வாய்த்தோர்க்கே உரிய வித்தை என்ற மயக்கம் பரவலாக உண்டு. அதன் அடிப்படை சில வழக்குகளாலான ஓர் இலக்கணமேயாம். கிடைப்படம் என்பது மேலிருந்து பார்த்த கூரையன்று. தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் வீட்டைக் குறுக்காக அரிந்து, மேற்பகுதியை நீக்கிவிட்டு நோக்கினால் தோன்றுவது அது. வெட்டப்பட்ட சுவர் தடித்த கோட்டாலும், வெட்டுக்குக் கீழே தெரிவன மெல்லிய கோட்டாலும், மறைந்திருப்பன முறிகோட்டாலும் காட்டப்படும். வெட்டுமுகப்படம் வீட்டை நிலைக்குத்தாக அரிந்து காட்டுவது. அத்திவாரத்தின் ஆழமும் யன்னற்படியின் உயரமும் கூரையின் சாய்வும் அங்கேயே புலப்படும். நிலைப்படம் வெளிமுகத்தைக் காட்டுவது. மூன்றும் ஒரே அளவிடையில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதே வரைதலின் நேர்மை. பிரான்சிய அறிஞர் கஸ்பார் மொஞ்சு 18 ஆம் நூற்றாண்டில் இவ்வெறிய முறையை ஒழுங்குபடுத்தியபோது, கோட்டை கட்டப் பயன்படுவதென்று கருதி இராணுவத்தார் அதனை இரகசியமாகக் காத்தனர்; அந்நூற்றாண்டின் இறுதியிலேயே அது அச்சேறியது. அங்கு வெளிப்பட்ட இரகசியம், இங்குப் பாடசாலைச் சிறுவர்க்குக் கற்பிக்கத்தக்க பாடமாயிருந்தும், கற்றோர்க்கும் இரகசியமாகவே கிடக்கின்றது.

இதன் எளிமையை ஓர் உதாரணம் காட்டும். 1:50 என்ற அளவிடையில் 3 மீற்றர் சதுர அறை, தாளில் 6 சென்ரிமீற்றர் சதுரமாகும். 1.8 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உடைய கட்டிலுக்கு 3.6 க்கு 2.4 சென்ரிமீற்றரில் ஒரு கடதாசித் துண்டு வெட்டலாம், அலுமாரிக்கு இன்னொன்று. 80 சென்ரிமீற்றர்க் கதவின் வீச்சைக் கவராயத்தால் 1.6 சென்ரிமீற்றர் ஆரையில் வரையலாம். துண்டுகளை அறைக்குள் நகர்த்திப் பார்த்தால், கதவு கட்டிலில் முட்டுமா என்பதைப் பத்து வயதுப் பிள்ளையுங் கூறிவிடும். சுவர் எழுந்த பின்னர் அறியப்படும் உண்மை ஒரு சீமெந்துப் பையும் வாங்கப்படுமுன் தெரிந்துவிடுகின்றது. அளவிடை அறியாமையின் விளைவோ சிறியதன்று. மேசன்மார் இன்றும் அடிக்கணக்கிற் பேசுகின்றனர்; படமோ மெற்றிக்கில் வருகின்றது. 1:100 இல் வரைந்த படத்தை அடிக்கு எட்டிலோர் அங்குலம் என்ற பழைய அளவுகோலால் அளந்தால், அது 1:96 ஆதலின், 24 அடிச் சுவர் 23 அடியாகக் குறுகிவிடும். ஓரடி போனது எங்கே என்று பின்னர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதிற் பயனில்லை.

'எங்கள் முன்னோர் எந்தப் படத்தைப் பார்த்து நாற்சார் வீடு கட்டினர்? மேசனுக்கும் தச்சனுக்கும் தெரியாததா?' என்று வினவுவோர் உளர். இவ்வினாவை இகழ்தல் தகாது. 64 பதங்களும் 81 பதங்களுமாக மனையை வகுக்கும் மரபு, வரைதல் தமிழர்க்குப் புதிதன்று என்பதைக் காட்டும். நாற்சார் வீட்டின் தலைவாசலும் நடுமுற்றமும் விறாந்தையும் அடுக்களையும் கட்டுவித்தோர் உள்ளத்திலும் கட்டியோர் உள்ளத்திலும் ஒரே வடிவாக இருந்தன. இருவருக்கும் பொதுவான படம் வழக்கத்தில் இருந்தமையாற் கடதாசிப் படம் வேண்டப்படவில்லை. இன்று அவ் வழக்கு அழிந்துவிட்டது. உரிமையாளர் உள்ளத்தில் இருப்பது வெளிநாட்டு உறவினர் அனுப்பிய புகைப்படத்தின் வீடு. மேசன் உள்ளத்தில் இருப்பது அவர் சென்ற மாதம் கட்டிய வீடு. பொதுப் படம் இல்லாத இடத்திலேதான் தாளிலுள்ள படம் உயிராதாரமாகின்றது. ஆகவே முன்னோரைச் சான்று காட்டி வரைதலை மறுப்பது முன்னோர்க்கே இழைக்கும் அநீதியாகும்.

இக் கல்வி ஒதுக்கப்பட்டதற்குச் சமூகக் காரணமும் உண்டு; அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. கட்டடம் சார்ந்த அறிவு பிறப்பாற் சிலர்க்குரிய கைத்தொழில் எனக் கருதப்பட்டது. பேனா பிடித்த கை மட்டக்கோல் பிடித்தால் இழிவு என்ற எண்ணம் பாடசாலை நேரசூசிக்குள்ளும் புகுந்தது. கேத்திரகணிதப் பொறிமுறை வரைதல் 'படிப்பு ஓடாத' மாணவனுக்குத் தள்ளப்பட்டது. பெண்பிள்ளைக்கு அதுவும் மறுக்கப்பட்டு மனையியல் போதுமென்று விடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணையே சேர்கின்றது. தேசவழமையும் சீதனத்தை அவள் உடைமையாகவே கொள்கின்றது. வீட்டுக்கு உரியவள் அவள்; அதனுள் நாளெல்லாம் உழைப்பவளும் அவள். ஆயின் அடுக்களையின் புகை எத்திசைக்குப் போகும், சோளகம் எவ்வழி வரும், வாடைக் காற்றோடு வரும் மழை எந்த யன்னலால் உள்ளே தெறிக்கும் என்பவற்றைத் தீர்மானிக்கும் தாளை வாசிக்கும் கல்வி அவளுக்கு மட்டும் அளிக்கப்படவில்லை. இதனினும் பெரிய முரண்பாட்டைக் கற்பனை செய்தல் அரிது.

'இனிக் கணினியே எல்லாம் வரையும். கையாற் கோடு கீறுவது வீண்' என்பது இக்காலத்தார் கூற்று. கணினி கோட்டை விரைவாகவும் நேராகவும் இடும் என்பது உண்மையே. எந்தக் கோடு எங்கே வேண்டும் என்பதை அது கேட்பவருக்கே விட்டுவிடுகின்றது. வண்ணமயமான முப்பரிமாணப் படத்தைக் கண்டு மயங்குபவர் அதில் வெட்டுமுகம் இல்லை என்பதை உணரார். பென்சிலால் ஒருமுறை தன் வீட்டையே அளந்து வரைந்தவர் சுவருக்கும் தடிப்பு உண்டு என்பதை ஒருபோதும் மறவார். கருவி பின்னர் மாறலாம். கண் முதலிற் பழகுதல் வேண்டும்.

'தமிழிற் சொல் இல்லை' என்பது இன்னொரு சாட்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுதலால், அடிப்படையும் ஆங்கிலத்திலேயே தொடங்கவேண்டும் என்று சிலர் நம்புகின்றனர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உடலியலையும் சத்திரவைத்தியத்தையுமே தமிழிற் கற்பித்துக் கலைச்சொற்கள் ஆக்கினார். மனித உடலை வெட்டிக் காட்டத் தமிழ் போதுமாயிருந்த மண்ணில், வீட்டை வெட்டிக் காட்டத் தமிழ் போதாதென்பது நகைப்புக்கிடமானது. கிடைப்படம், நிலைப்படம், வெட்டுமுகம், எறியம், அளவிடை என்னும் சொற்கள் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ளன. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பத்துறை தொடங்கப்பட்டபின் அவை மேலும் பயின்றுள்ளன. குறை சொல்லிடத்து இல்லை. சொல்லை மேசனின் வாய்க்கும் உரிமையாளரின் செவிக்கும் கொண்டுசெல்லாத கற்றோரிடத்தே உளது.

இஃது ஏட்டுச் சண்டையன்று. போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியுடன் நடைபெற்ற வீடமைப்பில், பயனாளிக் குடும்பங்கள் தாமே கட்டுவிக்கும் முறை பின்பற்றப்பட்டது. வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அளந்து கொடுத்த பணத்தில் ஒரு சுவரைத் தவறாகக் கட்டி இடிப்பதற்கு இடமேது? அத்தகைய குடும்பத்துக்குப் படத்தை வாசிக்கும் அறிவு பணத்துக்கு நிகரான உதவியாகும். 2016 இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டபோது வெப்பம், காற்றோட்டம், அத்திவாரம், செலவு என்பன பற்றிக் கடும் விவாதம் எழுந்தது. அவ் விவாதத்தில் விளக்கமாகப் பேச வல்லோர் துறைசார்ந்த சிலரே. அவ்வீட்டில் வாழப்போகிறவர் வெட்டுமுகப்படத்தை விரித்து, 'இக் கூரையின்கீழ்ச் சித்திரை வெயிலில் எப்படி இருப்பது?' என்று தாமே கேட்க வல்லவராயிருத்தலே குடியுரிமையின் முழுமை. குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றை அடைதல் எளிது. காணியின் இடப்படத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பார்க்கத் தெரியாமை குடிநீரையே கெடுக்கும் அறியாமையாகும்.

செய்யவேண்டியது யாது? பெருந்திட்டம் எதுவும் வேண்டா. வரைபலகை ஒன்று, மட்டக்கோல், இரு மூலைமட்டம், கவராயம், அளவுநாடா ஆகியவை போதும். முதற் பாடம் மாணவர் தம் வகுப்பறையை அளந்து 1:50 இல் வரைதல். இரண்டாவது, அதனையே வெட்டுமுகமாக வரைதல். மூன்றாவது, தம் வீட்டையும் கிணற்றையும் வேலியையும் சேர்த்து இடப்படம் ஆக்குதல். இம் மூன்றும் கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி யாவர்க்கும் கற்பிக்கப்படல் வேண்டும். வட்டுக்கோட்டைச் சுற்றாடலிலேயே இதற்குப் பாடநூல் கல்லிலும் சுண்ணாம்பிலும் நிற்கின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றி ஒல்லாந்தர் காலத்தில் திருத்திக் கட்டப்பட்ட தேவாலயத்தின் தடித்த சுவர்கள் அங்குள்ளன. இடிந்தும் இடியாமலும் எஞ்சிய நாற்சார் வீடுகளும் சில உள. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திலிருந்த ஒல்லாந்த மதகுரு பல்தேயு, தாம் 1672 இல் வெளியிட்ட நூலிற் குடாநாட்டுத் தேவாலயங்களின் படங்களைப் பதித்துச் சென்றார். ஏழாண்டு தங்கிய அந்நியர் செய்ததை, ஏழு தலைமுறையாக வாழ்வோர் தம் முன்னோரின் வீடுகளுக்குச் செய்யவில்லை. ஒவ்வொரு நாற்சார் வீடு இடியும்போதும் அளக்கப்படாத ஒரு நூல் எரிகின்றது. 1981 இல் எரிந்த நூலகத்துக்காக நியாயமாகக் கண்ணீர் வடிக்கும் சமூகம் இவ்வெரிவையும் உணர்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் வரைதலைத் தம் எல்லைக்குப் புறம்பானதெனக் கருதலாகாது. எழுத்தறிவு தமிழ்ப் பணியாயின், கோட்டறிவும் தமிழ்ப் பணியே. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பத்து மாணவர் ஆளுக்கொரு பழைய வீட்டை அளந்து, தமிழிற் பெயர் குறித்து வரைந்து வருவாராயின், ஓராண்டில் பத்து வீடுகள் அழிவினின்றும் காக்கப்படும். பத்துக் குடும்பங்கள் வரைபடம் வாசிக்கக் கற்கும். செமினரி தேற்றத்தைத் தந்து இரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அத் தேற்றத்தைக் கொண்டு ஒரு வாசற்படியையேனும் சரியாக அளக்கக் கற்கும் நாள்வரை, கற்ற சமூகம் என்ற பெயரை யாழ்ப்பாணம் சிறிது அடக்கத்துடனேயே சூடிக்கொள்ளல் தகும்.