சர்வேயரா? வேற கோர்ஸ் கிடைக்கலையா?

உங்கள் வீட்டுப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் ‘சொத்து விவரம்’ என்று ஒன்று இருக்கும். வடக்கே இன்னார் மனை, தெற்கே இன்னார் காலி இடம், கிழக்கே இருபது அடிப் பாதை, இதற்கு உட்பட்ட இத்தனை சதுர அடி. இருபது வருஷம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி மாதத் தவணை செலுத்தி நீங்கள் வாங்கியது இந்த நாலு வரியைத்தான். கிரானைட் தரையும் மாடுலர் கிச்சனும் அதற்கு அப்புறம்.

இப்போது சொல்லுங்கள். அந்த நாலு வரி சொல்கிற இடமும் நீங்கள் குடியிருக்கிற இடமும் ஒன்றுதானா? யார் அளந்தார்? எப்போது அளந்தார்? எதை வைத்து அளந்தார்?

டைல்ஸ் வாங்க மூன்று கடை ஏறி இறங்கியிருப்பீர்கள். மின்விசிறிக்கு ரேட்டிங் பார்த்திருப்பீர்கள். நிலத்தை மட்டும் புரோக்கர் கை நீட்டிக் காட்டிய திசையில் பார்த்துத் தலையாட்டியிருப்பீர்கள். கோபப்படாதீர்கள், நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

சரி, உங்கள் நிலத்தை அளப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. உங்கள் மகனோ மகளோ ஒரு நாள் வந்து ‘அப்பா, நான் சர்வே படிக்கிறேன்’ என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார். ‘சர்வேயரா? வேற கோர்ஸ் கிடைக்கலையா?’ என்பார் மாமா. கவுன்சலிங்கில் ‘ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்’ என்ற பெயரைப் பார்த்தால், ‘அது என்ன, சிம் கார்டு விக்கிற படிப்பா?’ என்று கேட்பார் சித்தப்பா. கடைசியில் பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதில்தான். எதிர் வீட்டுப் பிள்ளையும் அதில்தான்.

இந்த அலட்சியம் வேறு ஊரில் இருந்தால்கூட மன்னிக்கலாம். சென்னையில் இருக்கலாமா? இன்றைக்கு நீங்கள் கட்ஆஃப் மார்க்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வணங்குகிற கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி பிறந்ததே 1794-ல், ஒரு சர்வே பள்ளிக்கூடமாகத்தான். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் எல்லாம் அந்த வீட்டுக்குப் பின்னால் வந்த மருமகள்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஏழரை மைல் அளக்க ஆரம்பித்தார். அந்த ஒற்றைக் கோட்டை அளந்து முடிக்க 57 நாள் ஆனது. அதை அடித்தளமாக வைத்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்ததுதான், பிற்பாடு இமயமலை வரை போய் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்ன மாபெரும் சர்வே. லாம்டனின் தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து இடித்து, பாகங்கள் நெளிந்தே போயின. மனிதர் ஊருக்குக் கிளம்பவில்லை. உட்கார்ந்து, வாரக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தி, மறுபடி வேலையைத் தொடர்ந்தார்.

வெள்ளைக்காரன் தன் வரி வசூலுக்கும் ராணுவத்துக்கும்தான் அளந்தான் என்பீர்கள். உண்மை. ஆனால், அதே தஞ்சையில் எட்டு நூற்றாண்டு முன்பே ராஜராஜ சோழன் நாட்டை அளக்க ஆள் அனுப்பியிருக்கிறான். அந்தக் கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அதையும் மறுபடி 320-ஆகப் பிரித்துக் ‘கீழ்முந்திரி’ என்று கணக்கு வைத்த ஊர் இது. பெருமை பேச இதெல்லாம் வேண்டும். பிள்ளையைப் படிக்கவைக்க மட்டும் வேண்டாம்.

‘அதான் செல்போன்லயே மேப் இருக்கே, இனி எதுக்கு சார் சர்வே?’ என்று ஒரு கேள்வி வரும். படித்தவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். போனில் தெரிகிற அந்த நீலப் புள்ளி, வானம் நன்றாகத் திறந்திருக்கும் இடத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் வரை தப்பலாம். ஆட்டோவைக் கூப்பிட அது போதும். ஒரு கிரவுண்டு மனை என்பது என்ன? நாற்பதுக்கு அறுபது அடி. அதாவது அகலம் 12 மீட்டர். அதில் 5 மீட்டர் தப்பினால் உங்கள் படுக்கையறை பக்கத்து வீட்டுக்காரருடையது!

இன்னொன்று சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். மெரினாவில் தண்ணீர் ஓரம் நின்று, ஜி.பி.எஸ். கருவி கணக்கிடும் கச்சா உயரத்தைப் பார்த்தால், மைனஸ் எண்பது மீட்டருக்கும் கீழே காட்டும். கருவி கெட்டுவிடவில்லை. அது பூமியை வழவழப்பான ஒரு கணிதப் பந்தாக நினைத்துக்கொண்டு உயரம் சொல்கிறது. நிஜக் கடல்மட்டமோ ஈர்ப்பு விசைக்குத் தகுந்தபடி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், 100 மீட்டருக்கும் மேல். சாதாரண போன் இதை உள்ளுக்குள் ஏதோ தோராயமாகச் சரிசெய்துவிட்டுக் காட்டும். தோராயத்தை வைத்து மழைநீர்க் கால்வாய் வெட்ட முடியுமா?

முடியாது. சென்னை தட்டையான ஊர். ஆயிரத்துக்கு ஒன்று என்று சரிவு வைத்தால், ஒரு கிலோமீட்டர் கால்வாய்க்கு மொத்த இறக்கமே ஒரு மீட்டர்தான். மட்டம் பார்ப்பவர் ஓர் இடத்தில் 10 சென்டிமீட்டரைத் தவறாகப் படித்துவிட்டால், 100 மீட்டர் தூரத்துச் சரிவு காலி. தண்ணீர் அங்கே நின்று யோசிக்கும். பிறகு உங்கள் தெருவுக்குத் திரும்பி வரும். 2015 டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி எல்லாரையும் திட்டினோம். எந்தத் தெருவின் மட்டத்தை யார், எப்போது எடுத்தார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இனி ஜி.ஐ.எஸ். வியாபாரத்துக்கு வருவோம். புவியியல் தகவல் அமைப்பு என்பது அருமையான விஷயம். எங்கே என்ன இருக்கிறது என்பதை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக் கேள்வி கேட்கலாம். ஏரி ஓர் அடுக்கு, சாலை ஓர் அடுக்கு, பட்டா எல்லை இன்னோர் அடுக்கு. ஏரிக்குள் எத்தனை பட்டா இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். (இதனாலேயே சிலருக்கு இதைப் பிடிப்பதில்லை.) ஆனால், அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமே! பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் கணக்கில் பூமியை வரைந்தவை. ஜி.பி.எஸ். வேறு கணக்கு. இரண்டையும் மாற்றாமல் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று போட்டால் சென்னைப் பக்கம் நூறு, இருநூறு மீட்டர் நகர்ந்துவிடும். ஏரிக்குள் இருக்கும் வீடு கரையேறிவிடும். கரையில் இருப்பவர் ஏரிக்குள் விழுவார். கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கலர் கலராகப் பிரின்ட் எடுத்துத் தரும். தப்பு என்று கண்டுபிடிக்க சர்வே தெரிந்த ஆள் வேண்டும்.

இதைச் சொல்லித்தராமல், ‘மூன்றே மாதத்தில் ஜி.ஐ.எஸ்., நூறு சதவிகித வேலை’ என்று போர்டு மாட்டுகிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அங்கே சொல்லித்தருவது பட்டன். இந்த மெனு, அந்த மெனு, சேவ். முடித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலை என்ன? செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரைகளைச் சுற்றி, காலையிலிருந்து ராத்திரி வரை மவுஸால் கோடு இழுப்பது. அதையும் இப்போது மென்பொருளே தானாகச் செய்ய ஆரம்பித்துவிட்டது. சில வருஷம் கழித்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பட்டன் படிக்கப் பணமே வேண்டாம். க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் 2002-லிருந்து வளர்ந்து வருகிறது, முழுக்க இலவசம். இஸ்ரோவின் கீழ் இருக்கும் டேராடூன் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லாமலே ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது. அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பட்டன் படிக்காதீர்கள்.

இன்ஜினீயரிங் காலேஜ்கள் மட்டும் ஒழுங்கா? ‘சர்வே கேம்ப்’ என்று ஒன்று உண்டு. பல காலேஜ்களில் அதற்கு இன்னொரு பெயர் பிக்னிக். ஒரு குழுவுக்கு ஒரு கருவி. ஒருவன் பார்ப்பான், ஒருவன் எழுதுவான், மீதிப் பேர் செல்ஃபி. சர்வேயின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? கிளம்பிய புள்ளிக்கே திரும்பி வந்து முடிப்பதில். திரும்பி வரும்போது கணக்கு கொஞ்சம் உதைக்கும். எத்தனை மில்லிமீட்டர் உதைக்கிறது, அது அனுமதிக்குள் இருக்கிறதா, இல்லாவிட்டால் தப்பு எந்த நிலையத்தில் என்று தேடுவதுதான் படிப்பு. நம் பிள்ளைகள் ராத்திரி விடுதியில் உட்கார்ந்து, பிழை ஸீரோ வருகிற மாதிரி நோட்டைப் பின்னாலிருந்து எழுதிவிடுகிறார்கள். அதற்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பெயர். புரொஃபசரும் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பையன் நாளைக்குப் பாலத்துக்குத் தூண் குறிப்பான்.

வேலை இருக்கிறதா என்பீர்கள். நியாயமான கேள்வி. 2020-ல் ‘ஸ்வாமித்வா’ என்று திட்டம் போட்டு, கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் விட்டு அளந்து சொத்து அட்டை தரத் தொடங்கினார்கள். 2021 பிப்ரவரியில், வரைபடம் தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு இருந்த முன்அனுமதித் தொல்லையை மத்திய அரசு எடுத்துவிட்டது. 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் வேலைகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களை அறிவித்தது. அதே வருஷம் கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸுக்குத் தனித் தாள் வந்தது. 2025 பிப்ரவரியில் 152 நகரங்களை அளக்க ‘நக்‌ஷா’ திட்டம். மெட்ரோ சுரங்கம், காற்றாலை, சோலார் பண்ணை, நாலுவழிச் சாலை, எதுவானாலும் முதலில் போய் நிற்பவர் சர்வேயர்.

ட்ரோன் வந்தால் ஆள் வேண்டாம் என்று பயமுறுத்துவார்கள். ட்ரோனுக்குக் கீழே தரையில் துல்லியமாக அளந்து குறித்த புள்ளிகள் வேண்டும். அது தெரியாமல் எடுத்த படம் கல்யாண ஆல்பம்தான். அப்புறம், ட்ரோனுக்குக் கூரை தெரியும், கூரைக்கு அடியில் இருக்கும் சுவர் தெரியாது. அண்ணன் தம்பி வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்ட கோடு எந்தக் கேமராவிலும் விழாது. அதற்கு வரப்பில் நடந்து, பழைய கல்லைத் தேடி, புலப்படத்தோடு ஒப்பிட்டு, இரண்டு பக்கத்துக் கூச்சலையும் காதில் வாங்கி அளக்க ஒரு மனிதர் வேண்டும். நாம் அந்த மனிதருக்கு வைத்திருக்கும் மரியாதை என்ன? ‘சர்வேயரா, கவர் ரெடி பண்ணு!’ கையூட்டு வாங்குபவர் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால், கொடுத்து அரை அடி தள்ளிக் கல் நடச் சொல்கிற கை யாருடையது?

பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ‘வெயில்ல அலைஞ்சு கறுத்துடுவா, அப்புறம் மாப்பிள்ளை எங்க பார்க்கிறது?’ என்று படிப்பையே மூடிவிடுகிறோம். அதே வெயிலில் நாற்று நடுகிற பெண்ணைப் பற்றியோ, சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணைப் பற்றியோ யாரும் இப்படிக் கவலைப்பட்டதில்லை. கருவியும் மூன்றரை ஆயிரம் ரூபாய்த் தொப்பியும் கையில் இருந்தால்தான் பெண் கறுத்துவிடுவாளா? பாட்டிக்கும் அத்தைக்கும் பங்கு நிலம் சரியாக அளந்து கொடுக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கருவிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றால் அந்தக் கணக்கு கொஞ்சமாவது மாறும் என்று நான் நம்புகிறேன்.

பத்தாவது படித்தவர்க்கு ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவு இருக்கிறது. அதற்கு மேல் டிப்ளமா, கிண்டியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், ஹைதராபாத்தில் சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிலையம் என்று வழி போகிறது. கணக்கு பிடிக்க வேண்டும், நடக்கப் பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிடிக்காத பிள்ளையைத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்.

சேர்க்கப் போகும் காலேஜில் ஏ.சி. லேபைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, டோட்டல் ஸ்டேஷன் எத்தனை இருக்கிறது, ஒன்றுக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். போன வருஷ கேம்பின் ஃபீல்டு புக்கைக் காட்டச் சொல்லுங்கள். அழுக்கும் அடித்தலும் திருத்தலுமாக இருந்தால் தைரியமாக ஃபீஸ் கட்டலாம். ‘எங்க பசங்க எல்லாம் பிழை ஸீரோ சார்’ என்று பெருமையாகச் சொன்னால், ஒரு நன்றி சொல்லிவிட்டு அடுத்த காலேஜுக்கு பஸ் ஏறுங்கள்.